அந்த அல்பேனியா இல்லை

எங்கள் அப்பாவுக்கு ஒரு தந்தி வந்தால், அதை அனுப்பியவர் உண்மையிலேயே அனுப்பினாரா என்று கேட்டு இன்னொரு தந்தி கொடுப்பார். நான் அவருடைய மகள். யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிவிட மாட்டேன். அது கெட்ட குணம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களில் பாதிப் பேரை நான் நம்புவதில்லை.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "அல்பேனியா" என்றாள். சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து முதல் வேலையாக அட்லஸைப் பிரித்தேன். எண்பத்தொன்பதாம் வருடம், இலைகள் நிறம் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. அட்லஸில் அல்பேனியா கிரேக்கத்துக்கு மேலே, கடலோரமாகச் சின்னதாக இருந்தது. அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடவுளே கிடையாது என்று அரசாங்கமே அறிவித்து, ஆலயங்களையெல்லாம் இழுத்துப் பூட்டிய நாடு. அங்கேயிருந்து ஒருத்தி கழுத்தில் வெள்ளிச் சிலுவையோடு நியூ ஜெர்சிக்கு எப்படி வருவாள்? போதாததற்கு, துணி துவைக்கும் அறையில் அவள் ஒருவனோடு ரஷ்ய மொழியில் பேசியதை முந்தின நாள்தான் என் காதால் கேட்டிருந்தேன்.

என் கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலை பார்த்த இடத்தில் அரசாங்கத்துக்கான சாமான்களும் தயாரித்தார்கள். எங்கள் கிரீன் கார்டோ இன்னும் வந்தபாடில்லை.

"ரஷ்யன் பேசுதா. அல்பேனியாங்கா. கழுத்துல சிலுவை. மூணும் எங்கயாவது ஒட்டுதா, நீயே சொல்லு" என்றார்.

"ஒட்டல அத்தான்."

"அப்போ வாசல்ல நின்னு வாய் பாக்காத. ஹாய் சொன்னா ஹாய் சொல்லிட்டு உள்ள வந்துரு."

எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்தில் ஒரு சென்னை ஆன்ட்டி உண்டு. அவருடைய காதில் விழுந்தால் எடிசன் ஊர் வரைக்கும் தெரிந்துவிடும். விழுந்துவிட்டது. "ஸ்பைன்னா தொப்பி கோட்டெல்லாம் போட்டுக்கினு வருவாங்கன்னு நெனச்சியா? இப்படித்தான் சிலுவை மாட்டி ஒரு லேடிய அனுப்புவாங்க. கிரீன் கார்ட் ப்ராசஸ் ஆவுற டைம்ல ரிஸ்க் எடுக்காதம்மா" என்றார்.

ரிஸ்க் தானாகவே வந்து கதவைத் தட்டியது. துணி துவைக்கும் அறையில் பார்த்த ஆள்தான். கையில் ஒரு தட்டு. அதில் நெய்ச்சோறு மாதிரி ஒன்று, மேலே வேகவைத்த செஸ்ட்நட் கொட்டைகள். அவள் தம்பியாம். வயது முப்பதுக்குள் இருக்கும். நல்ல இலக்கணச் சுத்தமான ஆங்கிலம், அதுவே எனக்கு உறுத்தியது. கார் ஒர்க்ஷாப்பில் வேலை என்கிறவன் இத்தனை சுத்தமாகவா பேசுவான்? சொந்த ஊரில் அவன் இன்ஜினியர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அக்கா அல்பேனியா என்று சொன்னாளாமே" என்றான் சங்கடமாக. "நீங்கள் மேப்பில் தேடியிருப்பீர்கள். அந்த அல்பேனியா இல்லை."

நின்றபடியே சொன்னான். காகசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே பழைய காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதற்குக் கிரேக்கரும் ரோமரும் வைத்த பெயர் அல்பேனியா. ஐரோப்பாவில் இருக்கும் அல்பேனியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ராஜ்யம் நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்றது. சொந்தமாக ராஜா, சொந்தமாகத் தலைமை ஆயர், ஐம்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளோடு சொந்த லிபி, எல்லாம் இருந்தது. பாரசீகர் வந்தார்கள், அராபியர் வந்தார்கள், மற்றவர்களும் வந்தார்கள். ராஜ்யம் போனது. ஜனங்களில் பலர் மதம் மாறினார்கள், பலர் பாஷை மாறினார்கள். மாறாமல் மிஞ்சினவர்கள் உதி என்ற சின்ன ஜனம். சோவியத் அசர்பைஜானில் மலையடிவாரத்தில் இரண்டு ஊர், ஜார்ஜியாவில் இன்னொரு சிற்றூர். அவ்வளவுதான்.

"ஜார் காலத்தில் எங்கள் சபையைக் கலைத்து ஆர்மேனியச் சபையோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் பெயர்களும் ஆர்மேனியப் பெயர்கள் ஆகிவிட்டன. போன வருடம் அங்கே சண்டை வந்தபோது, ஆர்மேனியர்கள் எல்லாரும் வெளியே போங்கள் என்றார்கள். நாங்களும் போக வேண்டியதாயிற்று" என்றான்.

அவன் போனதும் என் கணவர் தட்டை மோந்து பார்த்தார். "பிறந்தது அசர்பைஜான். பேப்பர்ல ஆர்மேனியா. பேச்சு ரஷ்யன். கேட்டா அல்பேனியா. ஒரே ஆளுக்கு நாலு நாடு! நமக்கு ஒரு நாட்டு பாஸ்போர்ட்டையே ரினியூ பண்ண முடியல. இதத் திங்காத, சொல்லிட்டேன்."

நான் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. உப்பு கொஞ்சம் கம்மி.

சந்தேகம் சந்தேகமாகவே இருக்க, பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. நான் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். எங்கள் பையனுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். டேகேர்களில் இடமில்லை. எதிர்வீட்டு அக்காக்காரி ஒருநாள் பையனை என் இடுப்பிலிருந்து வாங்கி, உடைந்த ஆங்கிலத்தில், "யூ கோ ஒர்க். ஐ கீப்" என்றாள். பேருந்து வருகிற நேரம். கொடுத்துவிட்டேன்.

கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? மத்தியானம் தலைவலி என்று சொல்லிக் கூட வேலை பார்க்கிறவள் காரில் திரும்பி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவள் கதவைத் திறந்தேன். பையன் கம்பளத்தில் உட்கார்ந்து ரொட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னல் பக்கம் நின்று ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பைபிளும் இல்லை, படமும் இல்லை. பட்டப்பகலில் மெழுகுவத்தி எதற்கு? யாருக்காவது சிக்னல் கொடுக்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்.

"பிரேயர்" என்றாள். "நோ பிரீஸ்ட், லாங் டைம். ஹவுஸ் பிரேயர்."

நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், ஐந்து தலைமுறையாக, என் பாட்டனாருக்குப் பாட்டனார் உபதேசியார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஃபைவ்?" என்றாள். "நியூ." எனக்குச் சுருக்கென்றது. திருநெல்வேலியில் எங்களைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிப் பார்க்கட்டும் யாராவது.

அவளுடைய கவலை என்ன என்பது அந்த மாதமே தெரிந்துவிட்டது. தம்பிக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். பெண் உதிப் பெண்ணாக இருக்க வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. தம்பி ஒரு அமெரிக்கப் பெண்ணையோ ஆர்மேனியப் பெண்ணையோ கட்டிக்கொண்டால், வீட்டில் உதி பேச்சு தம்பியோடு நின்றுவிடும். "ஊரில் எங்கள் பாஷை பேசுகிறவர்கள் சிதறிவிட்டார்கள். நான் சாகும்போது என்னோடு பேச ஒரு குழந்தையாவது வேண்டும்" என்று தம்பியை விட்டே மொழிபெயர்க்கச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான்.

அமெரிக்காவில் உதிப் பெண்ணுக்கு எங்கே போவது? ஆர்மேனியக் கோவிலில் யாரோ சொன்ன ஒரு துப்பு மட்டும் இருந்தது. டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கத்தில், ஒரு வயதானவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, போர் முடிந்தபின் திரும்பிப் போகாமல் அமெரிக்கா வந்தவர். குடித்தால் மட்டும் தான் ஆர்மேனியன் இல்லை, உதி என்று சொல்வாராம். அவருக்குக் கல்யாணமாகாத ஒரு மகள்.

"ஹூஸ்டனா?" என்று என் கணவர் எழுந்தே விட்டார். "அங்க என்ன இருக்கு தெரியுமாட்டி? ராக்கெட் விடுத இடம்! பொண்ணு பாக்கதுக்கு வேற ஊரே கிடைக்கலியாக்கும்."

நான் வேறு மாதிரி யோசித்தேன். பெண் பார்ப்பது உண்மையென்றால் விசாரிக்கட்டும், நாமும் விசாரிப்போம். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுமுன் பெண் வீட்டுத் தெருவில் இருக்கும் மளிகைக் கடைக்காரனைக்கூட விட்டு வைக்க மாட்டோம். என் சித்தி மகன் ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் இருந்தான், அங்கே உள்ள மீனாட்சி கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். அந்த அண்ணனுக்குப் போன் போட்டு, ட்ரைவ் பண்ணிப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: பெண் உண்மையா என்பதும் தெரியும், இவர்கள் உண்மையா என்பதும் தெரியும்.

அண்ணன் திரும்பி வந்து போனில் கத்தினான். "ஏ, என்னய எங்க அனுப்பி வச்ச? அந்தப் பெரியவரு கேட்டத் தொறக்கவே இல்ல. 'உன்ன யார் அனுப்பிச்சா, உன்ன யார் அனுப்பிச்சா'ன்னு அதே கேள்வி. பொறவு கார் நம்பர எழுதிக்கிட்டாரு. உன் ஆளுங்க ஸ்பையோ என்னமோ எனக்குத் தெரியாது. அவரு என்னய ஸ்பைன்னு முடிவே பண்ணிட்டாரு."

"பொண்ண பாத்தியா?"

"பாத்தேன். பிக்கப் டிரக்க ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தா. நல்லா எடுத்தா."

இதை எதிர்வீட்டில் போய்ச் சொன்னபோது அக்காக்காரி கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கதவைத் திறக்காத கிழவர் நல்ல கிழவர்தான் என்றாள். நாற்பது வருடமாக, திரும்பி வரச் சொல்லி சோவியத் ஆட்கள் எந்த வேஷத்தில் வருவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறவர் அப்படித்தான் இருப்பாராம். எனக்கு அந்தக் கிழவரை அப்போதே பிடித்துப்போயிற்று. எங்கள் அப்பாவோடு ஒத்துப்போவார்.

இப்படி எல்லாம் கூடி வந்த வேளையில்தான் சனியன் என் வாய் வழியாக வந்தது. ஒரு சாயங்காலம் பையனை வாங்கப் போயிருந்தோம். அக்காக்காரி என் கணவரை எப்போதும் "மிஸ்டர் அத்தான்" என்றுதான் கூப்பிடுவாள். அது அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம், திருத்தவில்லை. அன்றைக்கு நான், அது பெயரில்லை, முறை என்று விளக்கப் போனேன். என் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா மகன் இவர். ஆங்கிலத்தில் சொல்வதென்றால் கசின்.

"கசின்?" என்றாள். "யுவர் ஹஸ்பெண்ட், கசின்?"

"எஸ்" என்றேன் சிரித்துக்கொண்டே. எங்கள் பக்கம் அது சாதாரணம் என்றும் சொன்னேன்.

அவள் தம்பியிடம் வேகவேகமாக ஏதோ கேட்டாள். அவன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டான்: "டெக்சாஸில் இருப்பவரை அண்ணன் என்றீர்களே, அவர்?"

"சித்தி மகன். அம்மாவோட தங்கச்சி பையன்." அதற்கும் ஆங்கிலத்தில் வேறு சொல் ஏது? "கசின்" என்றேன்.

முடிந்தது. கசின் என்றால் அண்ணன். புருஷன் என்றால் கசின். அப்படியானால் புருஷன் அண்ணன். அவள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பையனை என் கையில் கொடுத்தாள். நாங்கள் வெளியே வந்ததும் கதவுச் சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பையனை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். உடம்பு சரியில்லையாம். அடுத்த நாளும் சரியில்லை. லேபில் லீவு சொல்லிச் சொல்லி என் மானம் போனது. தம்பிக்காரனை மாடிப்படியில் மடக்கி என்ன விஷயம் என்று கேட்டேன். அவன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் முஸ்லிம்கள் கசினைக் கட்டிக்கொள்வார்கள், கிறிஸ்தவர்கள் செய்ய மாட்டார்கள். எங்களில் ஏழு தலைமுறை பார்ப்பார்கள். ஏழு தலைமுறைக்குள் ஒரு ரத்தம் கலந்திருந்தால் அவள் தங்கை. அக்கா பயந்துவிட்டாள். நீங்கள் உண்மையில் கிறிஸ்தவர்கள் இல்லையோ, எதற்காகவோ அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறாள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அவளைச் சந்தேகப்படலாம், அது என் பிறவிக் குணம். அவள் என்னைச் சந்தேகப்படுவதா? அதுவும் நான் கிறிஸ்தவளா என்று?

மாடிப்படியிலேயே உட்கார வைத்து அவனுக்கு வகுப்பு எடுத்தேன். அப்பாவின் தம்பி மகன், அம்மாவின் தங்கை மகன், இவர்களெல்லாம் எங்களுக்கும் அண்ணன் தம்பிதான். நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம். அத்தை மகன், மாமன் மகன் வேறு. அவன் பிறக்கும்போதே முறைமாப்பிள்ளை. எங்களுக்கு இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருக்கிறது, குழப்பமே கிடையாது. வெள்ளைக்காரன்தான் எல்லாரையும் கசின் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டான்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில் சிரித்தான். "நீங்களும் நாங்களும் சண்டை போட்டது ஒரு ஆங்கில வார்த்தைக்காகவா?" என்றான். போய் அக்காவிடம் என்ன சொன்னானோ, மறுநாள் கதவு திறந்தது. ஆனால் அவள் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து பையனை வாங்கியதும் அவன் நெற்றியில் ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள், பெற்றவர்கள் செய்த பாவத்துக்குப் பிள்ளை என்ன செய்யும் என்கிற மாதிரி. வேலைக்குப் போக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸ் கிழவர் தானே போன் செய்தார். என் அண்ணன் அன்றைக்குக் கேட்டில் எழுதி விட்டுவிட்டு வந்த போன் நம்பரை அத்தனை நாளும் வைத்து யோசித்திருக்கிறார். நம்பர் எங்களுடையது என்பதால் போன் எங்கள் வீட்டில்தான் அடித்தது. நான் எதிர்வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்தேன்.

அக்காக்காரி போனை வாங்கினாள். முதலில் அவர் கேள்வி கேட்டார், இவள் பதில் சொன்னாள். தம்பி எனக்குக் கிசுகிசுத்தான். ஊர்க் கோவில் முற்றத்தில் என்ன மரம் என்று கேட்கிறார். சினார் மரம் என்கிறாள். ஆறு எந்தப் பக்கம் என்று கேட்கிறார். அவரும் சோதிக்கிறார், அக்காவும் சோதிக்கிறாள். அவருக்கு உண்மையிலேயே ஊர் தெரியுமா என்று இவள் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். அவர் அதட்டித் திருத்தினார். என் கணவர்கூட டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வீட்டுப் பெயர்கள் ஆரம்பித்தன. யார் மகன், அவன் யார் மகன் என்று இரண்டு பக்கமும் மேலே மேலே ஏறிக்கொண்டே போனார்கள். அக்காக்காரி விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள். மலையடியில் தண்ணீரில் ஓடும் மாவு ஆலை வைத்திருந்த ஒரு மனிதர் வந்தார். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரிசீவருக்கு வெளியே கிழவர் குரல் எனக்கே கேட்டது. அவள் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், ரிசீவருக்கு முத்தம் கொடுத்தாள்.

"என்ன, என்ன?" என்றேன்.

"ஆலைக்காரரின் மூத்த மகன் வழி நாங்கள். இளைய மகன் வழி அவர். ஐந்தாம் தலைமுறையில் சேர்கிறோம்" என்றான் தம்பி. "சொந்தம்."

"அட, சொந்தமே ஆயிட்டீங்களா!" என்று நான் கையைத் தட்டினேன். பெண்ணும் சொந்தம், ஊரும் ஒன்று, பாஷையும் ஒன்று. எங்கள் வீடுகளில் இதைவிடப் பொருத்தம் வேறு கிடையாது. சொந்தம் விட்டுப் போகாது என்று பெரியவர்கள் அந்த இடத்திலேயே வெற்றிலை மாற்றிவிடுவார்கள். ஸ்வீட் பண்ண வேண்டும், ரவை இருக்கிறதா என்று சமையலறைக்குப் பாதி தூரம் போய்விட்டேன். "ஏட்டி, கொஞ்சம் நில்லு" என்றார் என் கணவர்.

திரும்பிப் பார்த்தேன். தம்பிக்காரன் சோபாவில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு தலைமுறை. சொந்தம் கிடைத்துவிட்டது, பெண் போய்விட்டாள்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. என் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது போல இருந்தது. நான் விசாரித்து, நான் நம்பர் கொடுத்து, என் வீட்டுப் போனில் நின்ற கல்யாணம். மறு வாரம் லேப் அட்டையைக் காட்டிப் பல்கலைக்கழக நூலகத்தில் நுழைந்து, அந்த ராஜ்யத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இவர்கள் சொன்னதெல்லாம் நிஜம்தானா என்கிற பழைய அரிப்பும் விட்டபாடில்லை. இருந்தது. பழைய ஆர்மேனிய மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்த அந்த நாட்டின் சரித்திரம், பருமனான புத்தகம். அதில் ஒரு ராஜா ஆயர்களையும் குடித்தலைவர்களையும் கூட்டிச் சட்டங்கள் போடுகிறார். சாவு வீட்டில் பாட்டுக்காரர்களை வைத்து மாரடிக்கக் கூடாது என்று ஒன்று, அது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். அதற்குக் கிட்டத்திலேயே இன்னொன்று. மூன்றாம் தலைமுறை வரையுள்ள உறவில் பெண் எடுக்கக் கூடாது.

மூன்று! ஏழு இல்லை, மூன்று! இவர்களோ ஐந்தில் நிற்கிறார்கள். நூலகத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

புத்தகத்தோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். தம்பி அந்தப் பக்கத்தை வாசித்தான், மறுபடி வாசித்தான். அவன் காது மடல் சிவந்தது. பிறகு அக்காவுக்கு மொழிபெயர்த்தான். அவள் சோறு கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்தப் புத்தகம் யார் எழுதினது?" என்றாள் முதலில். "எங்கள் எழுத்தில் இருக்கிறதா?"

இல்லை என்றேன். அவர்களுடைய எழுத்துகளின் வரிசை மட்டும் ஒரு பழைய ஏட்டில் கிடைத்திருந்தது. அதில் எழுதிய புத்தகம் ஒன்றுகூட அன்றைக்கு யார் கையிலும் இல்லை.

"எங்களைப் பற்றி எங்களைத் தவிர எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்" என்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாகத் தம்பியிடம் சொல்லி நிறுத்தினாள். "ராஜா எங்கே? போய்விட்டார். ராஜ்யம் எங்கே? போய்விட்டது. சபையைக் கலைத்துவிட்டார்கள், வீட்டை விட்டு விரட்டிவிட்டார்கள். என் அம்மா என் காதில் சொன்னது ஒன்று இருக்கிறது, ஏழு. அதையும் மூன்று என்று மாற்றிவிட்டால் நான் உதி என்பதற்கு என்ன அடையாளம் இருக்கிறது?"

"பாஷை இருக்கும்" என்றேன் விடாமல். "பிள்ளைங்க பேசும். நீங்க கேட்டது அதுதானே?"

அவள் அடுப்பை அணைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் ஆசை இல்லாமலா இருந்தது? பிறகு தம்பியிடம் ஏதோ சொன்னாள். அவன் அதை எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தான். "நான் சரி என்று சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணோடு நீயே பேசு. பிறகு நீயே முடிவு செய்."

அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான், போனில் பேசுவதற்கு. நான் அதைக் கேலி செய்தேன், அவனும் சிரித்தான். அதுவரை அவன் அவளோடு பேசியதில்லை. அவள் டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவள், அம்மா உதி இல்லை, அவளுக்கு உதி கேட்டால் புரியும், பேச வராது என்று கிழவர் சொல்லியிருந்தார். எங்கள் ஜெபக் கூட்டத்துப் பிள்ளைகள் மாதிரிதான். நாம் தமிழில் கேட்போம், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள்.

"பயப்படாதீங்க. ராஜாவே உங்க பக்கம்" என்றேன். அவன் நம்பரைச் சுழற்றினான். அக்கா வாசல் பக்கம் என் பையனைத் தூக்கிக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

கிழவர் எடுத்தார், இரண்டு வார்த்தை பேசினார், மகளைக் கூப்பிட்டார். மகள் வருகிறாள் என்று தம்பி எனக்குக் கையைக் காட்டினான். அவன் என்ன சொல்லித் தொடங்கப் போகிறான் என்பதை அன்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தான், எனக்குத் தெரியும். வாயைத் திறந்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

எங்கள் சமையலறைப் போன் சத்தமான போன், எனக்கும் கேட்டது. கூச்சத்தோடு, உச்சரிப்பு சரியா தப்பா என்று தெரியாத குரலில், ஒரே ஒரு உதி வார்த்தை. "விச்சி?" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், இந்த வார்த்தையை அப்பாவிடம் கேட்டு வாரம் முழுக்கச் சொல்லிப் பழகினேன், எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, சரியாகச் சொன்னேனா என்று கேட்டாள்.

விச்சி என்றால் அண்ணன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் புத்தகத்தை நினைத்தேன், மூன்றாம் தலைமுறையை நினைத்தேன், சொல்லுடா சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன். வாசலில் அக்கா என் பையனின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சரியாகச் சொன்னாய்" என்றான் அவன். "ஆமாம், நான்தான்."